வெள்ளிக்கிழமைக்குள்

இந்த டீயைக் குடியுங்கள் அக்கா, ஆறிப்போகும் முன்னால். கான்டீன் டீ இல்லை. நான் ரூமில் கெட்டிலில் போட்டது, இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. எதிர் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பயப்படாதீர்கள், நான் ஆஸ்பத்திரிக்காரி இல்லை. உங்களை மாதிரிதான். என் பெயர் அபிநயா, ஊர் கரூர். மூன்றாவது மாடியில் குழந்தைகள் வார்டில் என் பெண் இருக்கிறாள். சஹானா. மூன்று வயசு முடியப்போகிறது. கல்லீரல் கெட்டுப்போய்விட்டது, யாராவது கொடுத்தால்தான் பிழைப்பாள். யாராவது என்றால், இறந்துபோனவர்கள். எனக்கு மூடி மறைத்துப் பேச வராது அக்கா. உங்கள் வீட்டுக்காரர் உள்ளே மூளைச்சாவில் கிடக்கிறார். அவர் ஓ பாசிட்டிவ். என் பெண்ணும் ஓ பாசிட்டிவ். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இங்கேயே குடியிருக்கிறவளுக்குச் சுவரே சொல்லும்.

இதை நான் உங்களிடம் பேசவே கூடாது. கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது, பெயர்கூடத் தெரியக்கூடாது, ரூல்ஸ் அப்படி. காலையில் உங்களிடம் பேசினாரே, கண்ணாடி போட்ட மேடம், மெர்லின் மேடம், உறுப்பு தான விஷயமெல்லாம் பார்ப்பது அவர்தான். தங்கமானவர். ஆனால் ரொம்ப மென்மை. "அவசரமே இல்லம்மா, வீட்ல எல்லாரும் கலந்து பேசுங்க" என்று சொல்லியிருப்பார். அதைத்தான் எல்லோரிடமும் சொல்வார். சொல்லிச் சொல்லியே எத்தனை பேரைக் கோட்டைவிட்டிருக்கிறார் தெரியுமா? இப்போது சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் நான் தண்ணீர் பிடிக்க வந்தவள். நீங்கள் யாரோ, நான் யாரோ. சரியா?

நான் ஒன்றும் கேட்க வரவில்லை. சும்மா பேசத்தான் வந்தேன்.

நெஞ்சு ஏறி இறங்குகிறதே, உடம்பு சுடுகிறதே என்று உங்கள் நாத்தனார் அழுதார். எனக்குக் கேட்டது. அது மெஷின் அக்கா. தெருவுக்கே கரண்ட் போய்விட்டது, வீட்டில் இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன் மட்டும் ஓடுகிறது, அந்த மாதிரி. ஃபேன் ஓடுகிறது என்பதற்காகக் கரண்ட் இருக்கிறது என்று சொல்வோமா? மூளை செத்துவிட்டால் மனுஷன் திரும்புவது கிடையாது. இந்தியாவில் மட்டும் இல்லை, எங்கேயும் கிடையாது. நான் பி.எஸ்சி. இயற்பியல். படித்ததெல்லாம் கான்வென்ட். எனக்கு எதையும் காரண காரியத்தோடு சொன்னால்தான் புரியும், அப்படித்தான் சொல்லவும் வரும்.

சஹி பிறந்தபோது மஞ்சள் காமாலை என்றார்கள். எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டு என்றார்கள். காட்டினேன், காட்டினேன், போகவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, பித்தக்குழாய் இல்லாமலே பிறந்திருக்கிறாள். ஒரு ஆபரேஷன் செய்தார்கள். கொஞ்ச நாள் தாங்கியது. இப்போது வயிறு குடம் மாதிரி, கைகால் குச்சி மாதிரி. எல்லாவற்றையும் விட அந்த அரிப்புதான் அக்கா. பித்தம் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் அரிக்கும். பிறாண்டிப் பிறாண்டி ரத்தம் வரும். அவள் அப்பாவின் சாக்ஸை வெட்டிக் கைக்கு உறை தைத்துப் போட்டிருக்கிறேன். கையைக் கட்டிவிட்டேன் என்று தெரிந்ததும் என்னிடம் சீப்பை எடுத்துக்கொண்டு வருகிறாள். "அம்மா, நீ வாரு" என்கிறாள். தலையை இல்லை. முதுகை.

போன வாரம் ரத்த வாந்தி எடுத்தாள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இனி நாள் கணக்கு என்றார்.

பெற்றவர்கள் கொடுக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எல்லோரும் நினைப்பார்கள், கேட்கவும் செய்வார்கள். நான் ஏ குரூப், சேராது. அவள் அப்பாவுக்கு ஓ தான். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. டாக்டர், "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். இவர் "எல்லாமும் சார்" என்றார். சிரிப்பு வருகிறதில்லையா? எனக்கும் அன்றைக்கு வந்தது. இப்போது அந்த மனுஷன் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார். கொழுப்பு இறங்குகிற வேகத்தைவிட இவளுக்கு வியாதி ஏறுகிற வேகம் அதிகம்.

ஆகவே காத்திருக்கிறோம். காத்திருப்பது என்றால் எதற்காக என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிட்னிக்காக நாலு வருஷமாக டயாலிசிஸுக்கு வருகிற பாலுச்சாமி மாமா ஒருத்தர்தான் சொல்வார். புது வருஷத்துக்கு மறுநாள் வந்தார். "என்னம்மா அபி, ஒரு பயலும் விழலியா? போலீசுக்காரன் மூலைக்கு மூலை நின்னு ஹெல்மெட்ட மாட்டி விட்டுட்டான்மா. நம்ம பொழப்பு நாறிப்போச்சு" என்றார். சீ, என்ன மாமா பேச்சு இது என்று திட்டினேன். திட்டிவிட்டு வார்டுக்குப் போனால், டிவியில் ஹெல்மெட் விளம்பரம். எழுந்து அணைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் போட்டிருக்கவில்லை, இல்லையா? மணப்பாறை ரோட்டில் அந்த வேகத்தடையைப் பற்றிச் சொன்னார்கள். வெள்ளைக்கோடே போடவில்லையாம். பாவம்.

நான் யாருடைய சாவையும் வேண்டினவள் இல்லை அக்கா. இதை நீங்கள் நம்ப வேண்டும். எங்கள் ஸ்கூலில் சிஸ்டர் ஃப்ளாவியா சொல்வார், ஜெபத்தில் சுற்றி வளைக்கக் கூடாது, வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று. நான் இந்துப் பெண்தான். ஆனாலும் பன்னிரண்டு வருஷம் முட்டிபோட்ட பழக்கம் போகுமா? நவநாள், அதாவது ஒன்பது நாள் ஜெபம், ஆரம்பித்தேன். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். 'என் பிள்ளைக்கு ஒரு கல்லீரல் தாரும்' என்றால் என்ன அர்த்தம்? யாரோ ஒருத்தி தாலியறுக்க வேண்டும் என்று அர்த்தம். உட்கார்ந்து யோசித்து வாசகத்தை மாற்றினேன். 'ஆண்டவரே, யாரும் சாக வேண்டாம். எப்படியும் போகட்டும் என்று நீர் தீர்மானித்துவிட்டவர்களில் ஒருவர் ஓ பாசிட்டிவாக இருக்கட்டும். குடிக்காதவராக இருக்கட்டும். இந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரப்படட்டும்.' இதில் தப்பு இல்லையே? நான் ஆளைச் சொல்லவில்லையே?

"பச்சத்தண்ணியத் தவிர வேற ஒண்ணும் தொடமாட்டானே என் தம்பி" என்று நேற்று உங்கள் நாத்தனார் அழுதார் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? சாகிறவர்கள் இல்லாமல் இல்லை. தினமும்தான் வருகிறார்கள். கொடுக்க மனசுதான் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு காலேஜ் பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் சரி என்றார்கள். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். ஒரு பெரியப்பா சொல்கிறார், "கண்ணையும் ஈரலையும் புடுங்கிட்டு அனுப்புனா அடுத்த ஜென்மத்துல புள்ள மொண்டியாப் பொறப்பான்டா." முடிந்தது. மண்ணுக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டு கிட்னி, ஒரு கல்லீரல், ஒரு இதயம், எல்லாம் மண்ணுக்குள். ஒரு கல்லீரலை இரண்டாகப் பிரித்துப் பெரியவர் ஒருத்தருக்கும் குழந்தை ஒன்றுக்கும் வைக்கிறார்கள் இந்தக் காலத்தில். இன்னொரு வீட்டில் ராகு காலத்துக்கு முன்னால் பாடி கைக்கு வேண்டும் என்றார்கள். பிணத்துக்கு என்ன அக்கா ராகு காலம்? ராக்கெட் விடுகிற நாட்டில் இருந்துகொண்டு, நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்து, ஒரு பச்சைக் குழந்தையின் உயிரை... இவர்களையெல்லாம் என்ன சொல்வது? படிக்காதவர்கள்கூடப் பரவாயில்லை. படித்தவர்களும் இப்படிச் செய்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

உங்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் அப்படி இல்லை என்று.

ஒரு தடவை வந்தது அக்கா. கையில் வந்தது. புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. நான் பெருமாளுக்கு விரதம். மெர்லின் மேடம் லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் மூச்சிரைக்க மாடி ஏறி ஓடி வந்தார். "அபிநயா, வந்திடுச்சு! பாப்பாவுக்கு எதுவும் குடுத்துடாதீங்க, சாயந்தரம் தியேட்டர்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சஹியைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். அவள் அப்பாவுக்குப் போன் அடித்தேன், பட்டறை சத்தத்தில் எடுக்கவில்லை. அத்தைக்கு, என் மாமியாருக்கு, அடித்தேன். சந்தோஷத்தைச் சொல்லத்தான்.

அத்தை எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன கெழமடி இன்னிக்கு?" என்றார்.

"சனிக்கிழமை அத்தை. ஏன்?"

"எப்ப செத்தானாம்?"

"இன்னைக்குக் காலைலதான்னு..."

"சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு உனக்குத் தெரியாதாடி? தொணைக்கு ஒண்ண இழுக்கும். பாடையில ஒரு கோழிக்குஞ்சக் கட்டித் தூக்குனா அதோட போயிரும். இது இன்னும் பாடைக்கே போகல. அந்த ஈரலக் கொண்டாந்து பச்சப்புள்ள வவுத்துல வெச்சா, அது தொணையைத் தேடி எங்கிட்டுப் போகும்? உள்ளயே இருக்குல்ல தொணை?"

எனக்கு இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது. அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் மெர்லின் மேடத்திடம் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். மேடம், மூளைச்சாவை உறுதிசெய்கிற முதல் டெஸ்ட் நேற்றுதானே செய்தார்கள், இறந்த நாளை வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ள முடியாதா? அவர் சொன்னார்: "ஆறு மணி நேரம் விட்டு ரெண்டாவது டெஸ்ட் பண்ணுவாங்கம்மா. அது முடியிற நேரம்தான் இறந்த நேரம். அத யாரும் மாத்த முடியாது." சரி, அவங்க ஊர்ல பாடி போனதும் கோழிக்குஞ்சு கட்டுவாங்களா, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா என்றேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க பி.எஸ்சி. தானே அபிநயா?" என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போதுதான் குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நிஜமாகவே சுட்டது அக்கா. தெர்மாமீட்டரில் ஒன்றும் இல்லை என்றாள் நர்ஸ். தெர்மாமீட்டரா அவளைப் பெற்றது? ராத்திரி இருமினாள் என்றும் சொன்னேன். இருமியிருப்பாள். எந்தக் குழந்தைதான் இருமாது? காய்ச்சலோடு ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நான் கையெழுத்துப் போடவில்லை. பெரிய டாக்டரே வந்து சத்தம் போட்டார். "இது மறுபடி எப்ப வரும்னு உங்களுக்கு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்றார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கல்லீரல் ஆளுக்காகக் காத்திருக்காது. வரிசையில் அடுத்த குழந்தைக்குப் போய்விட்டது. அவள் அப்பா என்னோடு பத்து நாள் பேசவில்லை. எனக்கும் அத்தைக்கும் நடந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. காய்ச்சல் என்றுதான் சொன்னேன். காய்ச்சல்தானே?

இதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். தப்பு யாருடையது? இறந்தவர் வீட்டார்தான். முதல் நாள் காலையிலேயே அவர்களிடம் கேட்டார்கள். மாமன் வர வேண்டும், மச்சான் வர வேண்டும் என்று ஒரு பகல் முழுக்க இழுத்தடித்தார்கள். நான் பிற்பாடு விசாரித்துவிட்டேன். உடனே சரி என்றிருந்தால் வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்திருக்கும். என் பிள்ளை இந்நேரம் அங்கன்வாடியில் உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருப்பாள். மற்றவர்கள் யோசிக்காமல் செய்கிற தாமதம் அக்கா, அது யார் தலையில் விடிகிறது பாருங்கள்.

அது யாருக்குப் போயிற்று என்றா? புதுக்கோட்டைப் பையன், ஃபர்ஹான். சஹி வயசுதான். அவர்களுக்குச் சனியும் ஒன்று, ஞாயிறும் ஒன்று. போன வாரம் செக்கப்புக்கு வந்திருந்தான். அவன் அம்மா எனக்கு ஒரு டப்பாவில் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பாப்பாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல் வந்துச்சாமே, அதனாலதான் எம் பிள்ளைக்கு... நான் என்னத்தச் சொல்ல" என்று அழுதாள். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. சரி, நம் கையில் என்ன இருக்கிறது என்றேன். பையன் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறான். மூன்று மாதம்தானே ஆகிறது, போகப் போகப் பார்க்கலாம். நான் ஒன்றும் கெடுதலாக நினைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் முதல் டெஸ்ட்டே ஆரம்பிக்கவில்லை. ஏன்? திருப்பூரிலிருந்து உங்கள் கொழுந்தன் வர வேண்டும், அவர் வந்து பார்த்தபிறகு செய்யுங்கள் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பஸ் எப்போது வரும்? ஏழு மணிக்கு வந்து, அவர் அழுது, நாலு பேருக்குப் போன் போட்டு, எட்டு மணிக்கு டெஸ்ட் என்றால், இரண்டாவது டெஸ்ட் எத்தனை மணிக்கு? நீங்களே கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டு தாண்டிவிடும். தாண்டினால் என்ன கிழமை?

நம் கணக்கில் விடிந்தால்தானே மறுநாள் என்று எனக்கும் தோன்றியது. அத்தையிடம் மதியம் போனில் கேட்டேன். "தேதி மாறிட்டா கெழம மாறுனதுதான்டி" என்று சொல்லிவிட்டார். ஆமாம், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் கேட்டேன். இதில் என்ன இருக்கிறது? நல்லதுக்குத்தானே கேட்டேன்?

இப்போது மணி மூன்றரை. நீங்கள் எழுந்து உள்ளே போய் ஒரு வார்த்தை, "ஆரம்பிங்க, எங்களுக்குச் சம்மதம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால், பத்து மணிக்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை. சுத்தமான வெள்ளிக்கிழமை. கொழுந்தன் வரும்போது எல்லா ஏற்பாடும் ஆகியிருக்கும். ஊருக்குக் கொண்டுபோனால் அரசு மரியாதை உண்டு, அதிகாரிகள் வந்து மாலை வைப்பார்கள். உங்கள் ஊரில் யாருக்குக் கிடைத்திருக்கிறது இது? உங்கள் பையன் பெரியவன் ஆனபிறகு சொல்லிக்கொள்வான்.

உங்கள் பையனை நினைத்துத்தான் நான் இவ்வளவும் சொல்கிறேன். காலையில் போனில் அவன் முகம் தெரிந்தது. அஞ்சு வயசு இருக்குமா? "அப்பா எப்பம்மா வரும்?" என்று கேட்டானே. நான் உங்களைப் பயமுறுத்தவில்லை. எனக்கு நம்பிக்கையே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை ஒரு சாவை... துணை தேடும் என்பார்கள். அதுவும் அப்பா மேல் உயிராக இருக்கிற பிள்ளை. வேண்டாம் அக்கா. எதற்கு வீண் வம்பு? ஒரு தாய்க்கு ஒரு தாய் சொல்கிறேன்.

இருங்கள். ஏன் எழுந்துவிட்டீர்கள்? டீ அப்படியே இருக்கிறதே.

உள்ளே போய்ச் சொல்லப்போகிறீர்களா? போங்கள், போங்கள். கடவுள் உங்களை... என்ன? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையா?

கொழுந்தன் வராமல் கையெழுத்துப் போட முடியாது, சரி. அதற்காக, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எந்த டெஸ்ட்டும் செய்ய வேண்டாம், மெஷின் பாட்டுக்கு ஓடட்டும் என்று சொல்லப்போகிறீர்களா? யார் சொன்னது உங்களுக்கு இப்படி? நானா? நான் எப்போது சொன்னேன்? நான் இன்றைக்கே என்றுதானே சொன்னேன்!

அவ்வளவு நேரம் தாங்காது அக்கா. உங்களுக்குத் தெரியாது, நான் பார்த்திருக்கிறேன். நடுவில் பிரஷர் இறங்கும், இதயம் நின்றுபோகும். நின்றுவிட்டால் யாருக்கும் எதையும் எடுக்க முடியாது. அப்படி நின்றால் அதுவும் சனிக்கிழமையாகத்தானே... இல்லை, இல்லை, அதைச் சொல்ல வரவில்லை. அழாதீர்கள். உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகாது. கையை விட்டுவிட்டேன், இதோ பாருங்கள், விட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் உட்காருங்கள். மெர்லின் மேடம் வந்தாலும் பரவாயில்லை, உட்காருங்கள்.

சனிக்கிழமை ஒன்றும் செய்யாது அக்கா. அதெல்லாம் சும்மா. அத்தை என்னமோ உளறினார், அதை நான் உங்களிடம் உளறினேன். இப்போது சொன்னேனே, அந்தப் புதுக்கோட்டைப் பையன், அவனுக்கு வைத்தது சனிக்கிழமைச் சாவுதான். அவனைப் பாருங்கள். கண் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. வயிறு ஒட்டிவிட்டது. வராண்டாவில் பந்தை உதைத்து நர்ஸிடம் திட்டு வாங்கினான். நான் என் கண்ணால் பார்த்தேன். மேலே சஹியின் ஜன்னல் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. ஒன்றுமே ஆகவில்லை.